அனிமே வழியே அன்றாட ஜப்பானியம்: எதைக் கேட்கலாம், எதைப் பேசலாம்

அனிமே தொடர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஒருவருக்கு, ஒரு பாடமும் முறையாகப் படிக்காமலேயே ஏராளமான ஜப்பானியச் சொற்கள் செவிவழியாகப் பழகியிருக்கும். ஆனால் அவற்றை யார் யாரிடம் சொல்லலாம் என்னும் அறிவு கூடவே வந்துசேர்வதில்லை. தமிழ் ரசிகர்களில் பெரும்பாலோர் துணைக்கு வைத்துக்கொள்ளும் ஆங்கில வசனவரிகள், ‘நீ’, ‘நீங்கள்’ என்னும் வேறுபாட்டைக்கூடக் காட்ட முடியாதவை என்பதே இதற்கு முதற்காரணம். ஜப்பானியத்திலோ ஒரு சொல்லின் பொருளில் பெரும்பங்கு, அதைச் சொல்பவரின் வயது, பால், பதவி, கேட்பவரோடு அவருக்குள்ள நெருக்கம் ஆகியவற்றில் அடங்கியிருக்கிறது. ஆகவே இவ்வியல் சொற்களை அகராதிபோல அடுக்காமல், கேட்டுப் புரிந்துகொண்டால் போதுமானவை எவை, ரசிகர் தாமே வாய்விட்டுச் சொல்லத் தகுந்தவை எவை என்று பிரித்துப் பார்க்கிறது. பல இடங்களில் ஆங்கிலத்தை இடையில் நிறுத்தாமல் தமிழிலிருந்து நேரே ஜப்பானியத்துக்குப் போவதே குறுக்குவழியாக அமைவதையும் வாசகர் காண்பார்.

ஒலிப்பு

ஜப்பானியச் சொற்கள் இங்கே தமிழெழுத்திலேயே தரப்படுகின்றன. ‘ஸ’ வரும் இடத்தில் ஸகர ஒலியையும், ‘ச’ வரும் இடத்தில் ‘பச்சை’ என்னும் சொல்லில் கேட்கும் ஒலியையும் கொள்ள வேண்டும். குறிலைக் குறிலாகவும் நெடிலை நெடிலாகவும் ஒலிக்க வேண்டும். ஒஜிஸன் என்றால் மாமா அல்லது நடுவயது ஆடவர், ஒஜீஸன் என்றால் தாத்தா. ஒபஸன் என்றால் அத்தை அல்லது நடுவயதுப் பெண், ஒபாஸன் என்றால் பாட்டி. ஒற்று இரட்டித்தாலும் பொருள் மாறும்: ஒதொ என்பது ஓசை, ஒத்தொ என்பது கணவன். ஆங்கிலம் வழியே கற்போர் மாதக்கணக்கில் தடுமாறும் இவ்வேறுபாடுகள், குறில் நெடிலாலும் ஒற்று மிகுதலாலும் பொருள் மாறும் மொழியில் வளர்ந்தவருக்குத் தனிப்பயிற்சி இல்லாமலேயே பிடிபடும். ஜப்பானியர் சொல்லை அளப்பதும் ஏறக்குறைய மாத்திரைக் கணக்கில்தான். ஒரேயொரு வேறுபாடு, தமிழிலக்கணத்தில் அரை மாத்திரை பெறும் மெய்யெழுத்து அங்கே முழு அளவு பெறுவதால், செய்தித்தாளைக் குறிக்கும் ஷின்புன் என்னும் சொல் ஷி-ன்-பு-ன் என நான்கு அளவாக நீளும்.

தமிழர் இடறும் இடம் வேறு. தமிழில் சொல்லின் இடையே தனித்து வரும் ககரம், தகரம், பகரம் தாமாகவே மென்மையடைந்துவிடும். ஜப்பானியத்தில் வன்மையும் மென்மையும் வெவ்வேறு எழுத்துகள். கின் என்பதை ‘கண்’ என்பதுபோல வல்லொலியுடன் தொடங்கினால் தங்கம், ‘கங்கை’ என்பதுபோல மெல்லொலியுடன் தொடங்கினால் வெள்ளி. சிவப்பைக் குறிக்கும் அக என்னும் சொல்லில் வரும் ககரம் ‘பக்கம்’ என்பதில் உள்ளதுபோல வன்மையானது, ஆனால் இரட்டிக்காதது. தமிழெழுத்து இதைக் காட்டாது. ஹிரகன என்னும் அடிப்படை எழுத்துவரிசையோ வல்லெழுத்தின் தலைப்பக்கத்தில் இரண்டு சிறு கோடுகளை இட்டு மெல்லெழுத்தைத் தெளிவாகப் பிரித்துவிடுகிறது. 46 அடிப்படை எழுத்துகளே கொண்ட அவ்வரிசையைச் சில வாரங்கள் செலவிட்டுக் கற்றுவிடுவது, ஆண்டுக்கணக்கில் தவறான ஒலிப்பைச் சுமப்பதைவிட மேலானது.

வீட்டில் தொடங்கும் வழக்குகள்

அனிமேயில் கண்ணை மூடிக்கொண்டு அப்படியே எடுத்துக்கொள்ளத்தக்க சொற்கள் என்றால் அவை வீட்டு வழக்குகளே. வெளியே கிளம்புபவர் இத்தெகிமஸ் என்பார், வீட்டில் இருப்பவர் இத்தெரஷ்ஷை என்று விடைகொடுப்பார். ஆங்கில வசனவரிகள் இவற்றுக்கு ஈடு கிடைக்காமல் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு தொடரைப் போட்டு நிரப்புகின்றன; தமிழில் ‘போய்விட்டு வருகிறேன்’, ‘போய்விட்டு வாருங்கள்’ என்பவை சொல்லுக்குச் சொல் அப்படியே பொருந்துகின்றன. திரும்பி வந்தவர் ததைம என்கிறார். ‘இப்போதுதான்’ என்று பொருள்படும் இது, ‘இப்போதுதான் திரும்பினேன்’ என்னும் தொடரின் எஞ்சிய பகுதி. அதற்கு ஒகயெரி என்பது விடை. விடுதியிலோ ஜப்பானியக் குடும்பத்தின் வீட்டிலோ தங்கும் மாணவர் இந்நான்கையும் முதல் நாளிலிருந்தே தயங்காமல் சொல்லலாம்.

உண்ணும்முன் சொல்லப்படும் இததகிமஸ், ‘பெற்றுக்கொள்கிறேன்’ என்னும் பணிவுவினை. உண்டபின் சொல்லப்படுவது கொசிஸோஸம. தனியே உண்பவர்கூடக் கைகூப்பி இதைச் சொல்வதைத் திரையில் காணலாம், நேரிலும் காணலாம். காலை வணக்கமான ஒஹயோ வீட்டாருக்கும் நண்பருக்கும் உரியது. ஆசிரியரிடமும் அலுவலகத்தில் மூத்தவரிடமும் ஒஹயோ கொஜைமஸ் என்று நீட்டியே சொல்ல வேண்டும். கொன்னிசிவ என்னும் பகல் வணக்கத்தை ஒரே வீட்டில் வாழ்வோர் தமக்குள் சொல்லிக்கொள்வதில்லை.

தன்னையும் பிறரையும் சுட்டும் சொற்கள்

‘நான்’ என்பதற்கு ஜப்பானியத்தில் பல சொற்கள் உண்டு என்பதை ரசிகர்கள் அறிவார்கள். அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது, பேசுபவர் தம்மை எத்தகையவராகக் காட்டிக்கொள்ள விரும்புகிறார் என்பதன் அறிவிப்பு என்பதைப் பலர் உணர்வதில்லை. வதஷி எவருக்கும் எவ்விடத்துக்கும் பொதுவானது; வதகுஷி விழா மேடைக்கும் மிக்க பணிவுக்கும் உரியது; பொகு சிறுவரும் மென்மையாகப் பேசும் ஆடவரும் கொள்வது; ஒரெ ஆடவர் நெருங்கிய நண்பரிடையே சொல்லும் முரட்டுச் சொல்; அதஷி பெண்களின் பேச்சு வழக்கு. ஷின்காய் மகோத்தோ இயக்கி 2016-இல் வெளிவந்த ‘கிமி நொ ந வ’ திரைப்படத்தில், டோக்கியோ சிறுவனின் உடலுக்குள் விழித்தெழும் மித்ஸுஹ என்னும் பெண், அவனுடைய நண்பர்களிடம் வதஷி என்று தொடங்கி, அவர்கள் முகம் சுளிப்பதைக் கண்டு வதகுஷி, பொகு என மாற்றி, இறுதியில் ஒரெ என்றதும் அவர்கள் ஒப்புக்கொள்ளும் காட்சி, இந்த இலக்கணத்தை எந்தப் பாடநூலைவிடவும் தெளிவாகக் கற்பிக்கிறது. துப்பறியும் கோனான் தொடரிலும் இதே நுட்பம் கதையின் அச்சாணியாக உள்ளது: சிறுவனாகச் சுருங்கிவிட்ட ஷினிசி, பிறர் முன்னே பொகு என்றும், மனத்துக்குள்ளும் உண்மை அறிந்தவரிடமும் ஒரெ என்றும் பேசுகிறான். இவ்விடத்தில் ‘நான்’ ஒன்றையே உடைய தமிழும் ஆங்கிலத்தைப் போலவே கைவிட்டுவிடுகிறது. ஆகவே வசனவரியைப் படிக்காமல் காதைத் தீட்டிக் கேட்பதே வழி. கற்பவர் தாம் பேசும்போது ஆணாயினும் பெண்ணாயினும் வதஷி என்று தொடங்குவது நல்லது.

முன்னிலைப் பெயர்களில் ஆபத்து கூடுதல். அனத என்பதற்கு அகராதிகள் ‘நீங்கள்’ என்று பொருள் தருவதை நம்பி அதை ஆசிரியரிடமோ மேலாளரிடமோ சொல்லிவிடக் கூடாது. மனைவி கணவனை அழைக்கவும், முகமறியாத வாசகரை விளம்பரங்கள் விளிக்கவும் பயன்படும் அச்சொல், நேர்ப்பேச்சில் மேலோரை நோக்கிச் சொன்னால் மரியாதைக் குறைவாகிவிடும். கிமி இளையோரை நோக்கியது. ஒமயெ நண்பர்களுக்குள்ளும் சண்டையிலும் வருவது. தெமே, கிசம ஆகிய இரண்டும் வசைக்கு நிகரானவை. அவற்றுள் கிசம ஒரு காலத்தில் மரியாதைச் சொல்லாக இருந்து, நாளடைவில் தேய்ந்து, இன்று எதிரியை நோக்கி உறுமும் சொல்லாகிவிட்டது. சண்டைத் தொடர்களில் ஒரு நாளைக்கு நூறு முறை காதில் விழும் இவை அன்றாடத் தெருவில் அரிதாகவே கேட்கும். ஒருவரைச் சுட்டுவதற்குப் பாதுகாப்பான வழி, அவருடைய குடும்பப் பெயரோடு ஸன் சேர்ப்பது, அல்லது எழுவாயையே விட்டுவிடுவது. ஜப்பானியம் எழுவாய் இல்லாமல் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் நடக்கும்.

ரசிகர்கள் தம்மைப் பெருமையுடன் அழைத்துக்கொள்ளும் ஒதகு என்னும் சொல்லும் இவ்வரிசையைச் சேர்ந்ததே. ‘தங்கள் இல்லம்’ என்று பொருள்பட்டு, அதன் வழியே ‘தாங்கள்’ என்றாகிய அச்சொல்லால் விசிறிகள் ஒருவரை ஒருவர் விளிப்பதைக் கண்ட நகமோரி அகியோ, 1983-இல் ஓர் இதழ்ப் பத்தியில் அதையே அவர்களுக்குக் கேலிப்பெயராக்கினார். ஜப்பானில் அதன் கூர்மை இன்னும் முழுதாக மழுங்கவில்லை என்பதால், புதிதாக அறிமுகமாகும் ஒருவரை ஒதகு என்று அழைப்பதைத் தவிர்ப்பதே நாகரிகம்.

பொருள்களைச் சுட்டும்போது தமிழ் மீண்டும் கைகொடுக்கிறது. கொரெ, ஸொரெ, அரெ, தொரெ என்பவை பேசுபவரின் அருகில் உள்ளது, கேட்பவரின் அருகில் உள்ளது, இருவருக்கும் சேய்மையில் உள்ளது, வினா என நான்காக அமைகின்றன. இ, உ, அ என்னும் மூன்று சுட்டெழுத்துகளையும் எகர வினாவையும் கற்ற தமிழருக்கு இது புதிதன்று. பழந்தமிழில் இருந்ததும் யாழ்ப்பாணத் தமிழில் இன்றும் உயிரோடு இருப்பதுமாகிய ‘உது’ என்பதே ஸொரெ. ஈழத்து வாசகர் இப்பாடத்தைத் தாண்டிச் செல்லலாம்.

பெயருக்குப் பின்னால் வருவன

ஸன் என்னும் ஒட்டு ஆண், பெண், இளையோர், முதியோர் அனைவருக்கும் பொருந்தும். தன் பெயரோடு மட்டும் அதைச் சேர்க்கக் கூடாது. ஸம கடவுளுக்கும் வாடிக்கையாளருக்கும் கடித முகவரிக்கும் உரியது. சன் குழந்தைகளுக்கும் செல்லத்துக்கும். குன் சிறுவருக்கும் தம்மினும் இளைய ஊழியருக்கும் உரியது என்றாலும், ஜப்பானிய நாடாளுமன்றத்தில் அவைத்தலைவர் உறுப்பினர்களைக் குன் சேர்த்து அழைப்பது நெடுநாள் மரபு. 1993-இல் கீழவையின் முதல் பெண் தலைவரான தொய் தகாகோ அம்மரபை விடுத்து ஸன் என்றே அழைத்தார். ஸென்ஸே பள்ளி ஆசிரியருக்கு மட்டுமன்றி மருத்துவர், வழக்கறிஞர், மங்கா ஓவியர் ஆகியோருக்கும் உரிய விளி. ஸென்பை என்பது பள்ளியிலோ பணியிடத்திலோ தமக்கு முன்னே சேர்ந்தவர், கோஹை பின்னே சேர்ந்தவர். வயதைவிடச் சேர்ந்த ஆண்டே இங்குக் கணக்கு. ஸென்பை என்று மூத்தவரை விளிக்கலாம், ஆனால் இளையவரைக் கோஹை என்று விளிக்கும் வழக்கம் இல்லை.

ஒட்டு எதுவுமின்றி வெறும் பெயரால் அழைப்பது யொபிஸுதெ எனப்படும். காதல் தொடர்களில் குடும்பப் பெயரும் ஸன்னும் நீங்கி இயற்பெயர் மட்டும் வரும் கணம், பல அத்தியாயங்கள் காத்திருந்து நிகழும் திருப்பம். வசனவரியை மட்டும் படிப்பவருக்கு அங்கே ஒன்றுமே நடக்காதது போலத் தோன்றும். அனுமதியின்றிச் செய்தால் அதே செயல் அவமதிப்பாகும்.

உறவுப் பெயர்களில் அண்ணன், தம்பி, அக்காள், தங்கை என்னும் பிரிவு ஜப்பானியத்திலும் அப்படியே உள்ளது. மூத்தவரை ஒனீஸன், ஒனேஸன் என்று உறவுமுறை சொல்லியும், இளையவரைப் பெயர் சொல்லியும் அழைப்பார்கள். முன்பின் தெரியாத இளைஞரையும் ஒனீஸன் என்று அழைப்பது, தமிழ்நாட்டுக் கடைத்தெருவில் ‘அண்ணா’ என்று அழைப்பது போன்றதே. தமிழில் இல்லாத ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு. தன் தாயை நேரில் ஒகாஸன் என்று அழைப்பவர், அவரைப் பற்றி வெளியாரிடம் பேசும்போது ஹஹ என்று தாழ்த்திச் சொல்ல வேண்டும். தந்தைக்கு ஒதோஸன், சிசி. பிறருடைய பெற்றோர் எப்போதும் ஒகாஸனும் ஒதோஸனுமே.

பாத்திர மொழி

ஒருவர் வாயைத் திறந்தவுடனே அவர் முதியவரா, செல்வக் குடும்பத்துப் பெண்ணா, சாமுராயா என்று பார்வையாளருக்குத் தெரிவிக்கும் பேச்சுநடைக்கு யகுவரிகொ, அதாவது பாத்திர மொழி, என்னும் பெயரை ஒசாகாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலறிஞர் கின்ஸுயி ஸதோஷி 2000-ஆம் ஆண்டில் வழங்கினார். 2003-இல் வெளிவந்த அவருடைய நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது. அனிமேயில் வரும் தாடி வைத்த பேராசிரியர் தம்மை வஷி என்று சுட்டி, வாக்கியத்தை ஜ என்று முடிப்பார். உண்மையான எந்தப் பேராசிரியரும் அப்படிப் பேசுவதில்லை. எதோ நகரில், அதாவது இன்றைய டோக்கியோவில், இளையோர் உள்ளூர்ப் பேச்சுக்கு மாறிவிட்ட பிறகும் கற்றறிந்த முதியோர் மேற்குப் பகுதியின் பழைய நடையைக் கைவிடாதிருந்ததை நாடகங்களும் கதைகளும் கேலிச்சித்திரமாக்கின என்றும், அதுவே வழிவழியாக மங்காவுக்கும் அனிமேக்கும் வந்துசேர்ந்தது என்றும் கின்ஸுயி விளக்குகிறார்.

இவ்வகைச் சொற்களைப் பட்டியலிடத் தொடங்கினால் முடிவில்லை. ருரௌனி கென்ஷின் தன்னை ஸெஷ்ஷ என்பதும், தெ கொஜரு என்று வாக்கியத்தை முடிப்பதும் சாமுராய் மொழி. டிராகன் பால் நாயகன் கோக்கு தன்னை ஒர என்பது நாட்டுப்புறச் சாயல். நருட்டோ வாக்கியத்தின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும் தத்தெபயொ அவனுக்கே உரிய வாய்ப்பழக்கம், ஆங்கில ஒலிப்பதிவில் அதற்கு ஈடு தேடி வேறொரு தொடரையே புகுத்த நேர்ந்தது. இவற்றை நண்பர்களிடையே விளையாட்டாகச் சொல்வதில் தீங்கில்லை. விசா நேர்காணலில் சொன்னால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஜப்பான் அறக்கட்டளையின் கன்சாய் மொழிப் பயிலகம் 2010-இல் அனிமே, மங்கா மொழிக்கெனவே ஒரு கற்றல் தளத்தைத் தொடங்கியபோது சொற்களைச் சிறுவன், சாமுராய், முதியவர், ஒசாகாக்காரர் எனப் பாத்திரவாரியாகப் பிரித்துக் கொடுத்ததும் இக்காரணம் பற்றியே.

முரட்டுப் பேச்சுக்கு எளிய அடையாளம் ஒன்று உண்டு. சொல்லிறுதியில் வரும் ஐ, ஒய் ஆகிய ஒலிகள் ஏகாரமாக நீண்டால் அது முரட்டு நடை: ஸுகொய் ஸுகே ஆகும், ஷிரனை (தெரியாது) ஷிரனே ஆகும். வாக்கிய இறுதியில் வரும் ஜொ, ஜெ ஆகிய இடைச்சொற்களும் அவ்வாறே. மாறாக, ‘இல்லையா’ என்று உடன்பாட்டை நாடும் நெ, ‘தெரியுமா’ என்று புதுச்செய்தி தரும் யொ ஆகிய இரண்டையும் எவரும் பயன்படுத்தலாம். வசைச்சொல்லிலும் ஊர் வேறுபாடு உண்டு: டோக்கியோவில் பக அன்றாடம் புழங்கும், அஹொ உறைக்கும், ஒசாகாவில் அஹொ செல்லமாகவும் வரும், பக உண்மையாகவே புண்படுத்தும். அயலார் இரண்டையும் விட்டுவிடுவது நல்லது.

சிறிய சொற்கள், பெரிய வேலை

தைஜோபு என்பது ‘நலமா’ என்னும் வினாவுக்கும் ‘பரவாயில்லை’ என்னும் விடைக்கும் பயன்படுவதைத் திரையில் கேட்டிருப்பவர், கடையில் பை வேண்டுமா என்று கேட்கப்படும்போது தைஜோபு தெஸ் என்றால் ‘வேண்டாம்’ என்று பொருள் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். தமிழின் ‘பரவாயில்லை’யும் இதே வேலையைச் செய்வதால் குழப்பம் வராது. சொத்தொ என்றால் ‘கொஞ்சம்’. ஆனால் ஓர் அழைப்புக்கு விடையாக ஒருவர் சொத்தொ என்று இழுத்து நிறுத்தினால் அது முழுமையான மறுப்பு, மேற்கொண்டு காரணம் கேட்பது பண்பன்று. ஸுமிமஸென் மன்னிப்புக்கும், நன்றிக்கும், உணவகத்தில் பரிமாறுபவரை அழைப்பதற்கும் உதவும் சொல் என்பதால், ஒரே ஒரு சொல்லை மட்டும் கற்றுக்கொண்டு பயணம் செல்பவர் இதைக் கற்பதே அறிவுடைமை. கொமென் நண்பருக்கு, கொமென்னஸை குடும்பத்தாருக்கு, மோஷிவகெ அரிமஸென் அலுவலகத்துக்கு. பணி முடிந்து பிரியும்போது சொல்லும் ஒத்ஸுகரெஸம, அறிமுகத்தின் இறுதியிலும் உதவி கேட்கும்போதும் சொல்லும் யொரொஷிகு ஒனெகைஷிமஸ், ஊக்கமூட்டும் கம்பத்தெ ஆகியவை திரையிலும் வெளியிலும் ஒன்றே. குற்றவாளிகளின் குழூஉக்குறியாகத் தொடங்கி ‘ஆபத்து’ என்று பொருள்பட்ட யபை, இளையோர் வாயில் ‘அருமை’ என்றும் பொருள்படுகிறது. முதியோரிடம் சொல்லக் கூடாத சொல் அது.

இரட்டைக்கிளவியும் துணைவினையும்

மங்காவின் பக்கங்களை நிரப்பும் ஒலிக்குறிப்புச் சொற்களுக்கு ஆங்கிலத்தில் பெயரிடுவதே கடினம். தமிழிலக்கணமோ இரட்டைக்கிளவி என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டது. தொகிதொகி நெஞ்சு படபடப்பது, கிரகிர மினுமினுப்பது, பிகபிக பளபளப்பது, ஜாஜா மழை சோவென்று கொட்டுவது, நிகொநிகொ முகம் மலர்ந்து சிரிப்பது. பெகொபெகொ என்றால் வயிறு காய்ந்து கிடக்கிறது. பெரபெர என்பது ஒரு மொழியை மடமடவென்று பேசுவது. ஒளி தெறிப்பதைக் குறிக்கும் பிக, எலியின் கீச்சொலியான சூ ஆகிய இரண்டும் சேர்ந்ததே பிகாச்சு என்னும் பெயர். ஓசையே இல்லாத அமைதிக்கும் ஷீன் என்று ஓர் ஒலிக்குறிப்பு வைத்திருப்பது ஜப்பானியத்தின் தனிச்சிறப்பு. முதலில் வெளிப்படையாகச் சிடுசிடுத்துப் பின்னர் குழையும் பாத்திரத்தைக் குறிக்கும் ஸுந்தெரெ என ரசிகர் உச்சரிக்கும் சொல்லும், த்ஸுன்த்ஸுன், தெரெதெரெ ஆகிய இரு கிளவிகளின் பாதிகளை ஒட்டவைத்ததே.

வினைச்சொற்களில் ஒப்புமை இன்னும் வியப்பானது. தபெதெ மிரு என்பதில் தபெதெ ‘சாப்பிட்டு’, மிரு ‘பார்’. இரண்டும் சேர்ந்து ‘சாப்பிட்டுப் பார்’ என்றே பொருள்படுகிறது, கண்ணால் பார்ப்பதற்கு அங்கே வேலையில்லை. கத்தெ ஒகு என்பது ‘வாங்கி வை’. தபெதெ ஷிமத்த என்பது ‘சாப்பிட்டுவிட்டேன்’. பேச்சில் அது தபெசத்த என்று சுருங்குவது, தமிழ்ப் பேச்சில் ‘சாப்டுட்டேன்’ என்று சுருங்குவதற்கு நேர் இணை. இத்தகைய ஒப்புமைகளைக் கண்ட ஜப்பானிய அறிஞர் ஒனோ ஸுஸுமு, இரு மொழிகளுக்கும் வரலாற்று உறவு உண்டு என்று பல ஆண்டுகள் வாதிட்டார். ஒப்பியல் மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு உண்டோ இல்லையோ, கற்பவருக்குக் கிடைக்கும் பயன் குறைவதில்லை.

கற்கும் ஒழுங்கு ஒன்றையும் குறிப்பிடுவது பொருந்தும். தெஸ், மஸ் என்று முடியும் பணிவு நடையை முதலில் கற்றுவிட்டு, பிறகு அனிமேயின் நட்பு நடைக்கு இறங்குவது எளிது. நட்பு நடையில் ஊறியபின் பணிவு நடைக்கு ஏறுவது கடினம். ஏற்கெனவே ஊறிவிட்ட ரசிகர், தமக்குப் பிடித்த ஒரு காட்சியை வசனவரி இல்லாமல் கேட்டு, அதில் வரும் ஒவ்வொரு வாக்கியத்தையும் ஆசிரியரிடம் சொல்வதானால் எப்படி மாற்ற வேண்டும் என்று எழுதிப் பழகலாம். பள்ளியும் குடும்பமும் களமாக உள்ள தொடர்கள் இதற்கு ஏற்றவை. வாளும் மந்திரமும் நிறைந்தவை ஏற்றவையல்ல. இப்பயிற்சியின் பயனை அளந்துபார்க்க விரும்புவோருக்கு, என்5 என்னும் தொடக்க நிலையிலிருந்து என்1 வரை ஐந்து படிகளாக நடத்தப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வு உள்ளது. ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடைபெறும் அத்தேர்வுக்குச் சென்னையும் ஒரு மையம்.